தி.நகர்... அந்த ‘தி’ யாருன்னு தெரியுமா?

திருப்பூரில் தைத்த டி-ஷர்ட்டை சென்னை தி.நகர் ரங்கநாதன் தெருவில் பேரம் பேசி வாங்கியிருப்பீங்க. இதே பீஸ் நம்ம காதர்பேட்டையில் எவ்வளவு குறைச்சலா கிடைக்கும்னு மனசுக்குள்ள கணக்கும் போட்டிருப்பீங்க. துணி எடுக்கணும்னா தமிழ்நாட்டுக்கே முதலில் ஞாபகத்துக்கு வர்ற ஏரியா தி.நகர். ஆனா, அந்த ஒற்றை ‘தி’க்குள்ள ஒரு முழு மனுஷர் ஒளிஞ்சிருக்கார். பிட்டி தியாகராயர். இன்னும் சுவாரஸ்யம் என்னன்னா, அவரும் தறிக்காரர்தான்.

1852 ஏப்ரல் 27-ல் பிறந்தவர் தியாகராயர். தேவாங்கர் நெசவுக் குடும்பம். கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சௌடேஸ்வரி அம்மன் கோயில் இருக்கிற தெருவில் நுழைஞ்சாலே, ஒருகாலத்தில் தறிச் சத்தம் காதைப் பிளக்கும். அப்படியொரு குடும்பத்திலிருந்து மாநிலக் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் பட்டம் வாங்கியவர்கள் ஒன்று அரசாங்க வேலைக்குப் போவார்கள், இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போவார்கள். இவர் தறிக்கே திரும்பி வந்தார்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. பழைய குழித்தறியில் நாடாவை ஒரு கையால் எறிந்து மறுகையால் பிடிக்க வேண்டும். கை எட்டுகிற அகலத்துக்குத்தான் துணி நெய்ய முடியும், வேகமும் குறைவு. கயிற்றை இழுத்தால் நாடா தானாகப் பாய்ந்து ஓடுகிற விசைநாடா முறையைத் தன் நெசவுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார் தியாகராயர். ஒரே ஆள் அகலமான துணியை வேகமாக நெய்யலாம். வீட்டுக்கு ஒரு தறி என்று சிதறிக் கிடந்த தொழிலை ஒரே கூரைக்குள் கொண்டுவந்து, வரிசையாகத் தறி போட்டு ஓட்டிப் பார்த்தவர் அவர். இன்றைக்கு ஒரு பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால் வரிசையாக மெஷின் ஓடுகிறதே, அந்த யோசனையின் கைத்தறி வடிவம்னு வெச்சுக்கலாம். வியாபாரிகளுக்கு ஓர் அமைப்பு வேண்டும் என்று 1909-ல் தென்னிந்திய வர்த்தக சபையைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர்.

இன்னொரு பக்கம், மாநகராட்சி. 1882-ல் சென்னை மாநகராட்சி உறுப்பினராக உள்ளே போனவர், கிட்டத்தட்ட நாற்பது வருடம் அங்கேயே இருந்தார். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, பள்ளிக்கூடம் என்று யாரும் கைதட்டாத விஷயங்களிலேயே ஒரு வாழ்க்கையைக் கழித்தவர். பின்னால் அந்த மாநகராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அரசு அதிகாரியாக இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது, வரவேற்புக்கான உடை விதியிலிருந்து அரசாங்கமே அவருக்கு விலக்குக் கொடுத்தது. வெள்ளுடை வேந்தர் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

அரசியல் கதை பெரிசு, சுருக்கமா சொல்லிடறேன். காங்கிரஸில் இருந்தவர், 1916 நவம்பரில் டாக்டர் நடேசனாருடனும் டி.எம்.நாயருடனும் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். ஜஸ்டிஸ் பார்ட்டி, அதாவது நீதிக்கட்சி என்று நாம் சொல்வது அதைத்தான். நாயரும் தியாகராயரும் மாநகராட்சிக்குள் எதிரும் புதிருமாக நின்றவர்கள். இருவரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது நடேசனார் செய்த வேலை. 1920 தேர்தலில் கட்சி ஜெயித்தது. ஆளுநர் வெலிங்டன் ஆட்சி அமைக்கக் கூப்பிட்டார். தியாகராயர் மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல்வரானார், அடுத்த வருடமே பனகல் அரசர் வந்தார். இவர் கட்சித் தலைவராகவும் மாநகராட்சிக்காரராகவும் தொடர்ந்தார்.

அவர் மாநகராட்சியில் செய்ததில் பெரியதாக எனக்குப் படுவது, ஆயிரம் விளக்கு பள்ளிக்கூடத்தில் 1920-ல் தொடங்கிய ஒரு சின்ன ஏற்பாடு. பசியோடு வரும் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்ற கணக்கு. அது இன்னும் சில பள்ளிகளுக்குப் பரவியது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று அரசு சொல்ல, 1925 ஏப்ரலில் நின்றும் போனது.

எல்லாவற்றிலும் அவர் சரியான பக்கம் நின்றார் என்று சொல்ல முடியாது. 1921-ல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக மாறியது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களையும், அவர்களுக்கு ஆதரவாக இருந்த அரசின் தொழிலாளர் துறையையும் நீதிக்கட்சித் தலைவர்கள் குறை சொன்னார்கள். கட்சியிலேயே இருந்த எம்.சி.ராஜா அதை எதிர்த்தார், கடைசியில் வெளியேறினார். தியாகராயரைப் பற்றிய புகழ்ச்சிக் கட்டுரைகளில் இந்தப் பக்கம் பெரும்பாலும் கிழிந்திருக்கும்.

இப்போ தி.நகருக்கு வருவோம். நூறு வருடம் முன்னால் அங்கே போயிருந்தால் உங்களுக்குப் படகு தேவைப்பட்டிருக்கும். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரைக்கும் நீண்டு கிடந்த பெரிய ஏரி அது. நாம் அண்ணா சாலை என்று சொல்கிற மவுன்ட் ரோடு, அந்த ஏரியின் கரையை ஒட்டித்தான் போனது. வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். மேற்கே மாம்பலம், ஊருக்கு வெளியே இருந்த கிராமம்.

நகரத்துக்குள்ளோ இடமில்லை. ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. பனகல் அரசரின் ஆட்சியில், 1923 வாக்கில் ஏரியை வடித்து, மண்ணடித்து, மனை பிரித்து ஒரு புறநகரத்தையே வரைபடத்திலிருந்து தரைக்கு இறக்கினார்கள். நடுவில் ஒரு பூங்கா, அதைச் சுற்றி நாலா பக்கமும் பிரியும் அகலமான சாலைகள், தோட்டத்தோடு வீடு கட்டும் அளவுக்கு மனைகள். சந்து பொந்தாகவே வளர்ந்த சென்னைக்கு அது புதுசு.

தி.நகரை வரைந்தவர் தியாகராயர் இல்லை, இதைத் தெளிவா சொல்லிடணும். அது அரசும் மாநகராட்சியும் சேர்ந்து செய்த வேலை. அந்தக் கட்சியையும் அந்த மாநகராட்சியையும் வளர்த்தவர் என்ற முறையில்தான் அவருக்குப் பங்கு. வேலை முடிகிற சமயத்தில், 1925 ஏப்ரல் 28-ல், 73 வயது முடிந்த மறுநாள் இறந்துபோனார். புது ஊருக்கு அவர் பெயர் வைத்தார்கள். தியாகராய நகர்.

அதோடு நிற்கவில்லை. பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை, தணிகாசலம் சாலை, ஜி.என்.செட்டி சாலை, நடேசன் பூங்கா... கூகுள் மேப்பைத் திறந்து பாருங்க, நீதிக்கட்சியின் கமிட்டி மீட்டிங் அட்டெண்டன்ஸ் மாதிரியே இருக்கும்.

குடியிருப்பாகத் திட்டமிட்ட ஊர் கடைவீதியானது பிறகு நடந்தது. 1928-ல் காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த நல்லி சின்னசாமி செட்டியார் இங்கே புடவைக் கடை போட்டார். 1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் நாலு எட்டில் கடை. கூட்டம் வந்தது, கடைகள் வந்தன, தோட்ட வீடுகள் ஒவ்வொன்றாக ஜவுளி மாளிகைகளாக மாறின. கூடவே பெரிய மனிதர்களும் வந்தார்கள். மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோன காமராஜர் குடியிருந்த வீடும், அதைச் சத்துணவாக விரித்த எம்.ஜி.ஆரின் நினைவு இல்லமும் தி.நகரில்தான் இருக்கின்றன. ஓர் அணா சாப்பாடு போட்டவரின் பெயர் தாங்கிய ஊர்!

ஏரி என்ன ஆச்சு? மிச்சமிருந்த பகுதியிலும் கட்டடங்கள் வந்தன. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்கிற இடமும் ஏரிதான். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு என்று பெயர்கள் மட்டும் பாக்கி. 2015, 2021 மழையில் தி.நகர்த் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நின்ற வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. தண்ணீருக்குப் போக வேறு இடம் இல்லை. அகலச் சாலை போட்டவர்களை இன்றைக்கு நாம் பாராட்டுகிறோம், சரிதான். அந்தச் சாலைக்காக எதைக் கொடுத்தோம் என்பதையும் அதே மூச்சில் சொல்லணும்.

கோவை ஆர்.எஸ்.புரத்துக்கும் இப்படி ஒரு பெயர்க்கதை உண்டு. நகராட்சித் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயர் இரண்டு எழுத்தாகச் சுருங்கியது. திருப்பூருக்கு அப்படி யாரும் வரைபடம் போட்டுத் தரவில்லை. தி.நகர் எழுந்த அதே 1920-களின் நடுவில்தான் இங்கே பின்னல் மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. கம்பெனி முதலில் வந்தது, லைன் வீடுகள் அதைச் சுற்றி வந்தன, சாலை கடைசியாக வந்தது. நொய்யல் பட்ட பாடு தனிக்கதை.

தி.நகரில் அவருக்கு ஊர்ப் பெயர் தவிர ஒரு சாலையும் உண்டு. சர் தியாகராயர் சாலை. சௌந்தரபாண்டியனார் பெயரால் வந்த பாண்டி பஜார் இருப்பது அதன் மேல்தான். அடுத்த முறை ஆட்டோவில் ஏறி, தியாகராயர் சாலைக்குப் போகணும்னு சொல்லிப் பாருங்க. அது எங்கேங்க இருக்குனு கேட்பார். பாண்டி பஜார்னு சொன்னா, உடனே மீட்டரைத் தவிர மத்த எல்லாத்தையும் ஸ்டார்ட் பண்ணிடுவார்.