மண்ணுக்கும் கணக்குப் பார்த்தவர்

செல்லூரில் நம் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்பவை. கொல்லை என்று சொல்லிக்கொள்ளப் பலருக்கு இரண்டு முழ இடம்தான் உண்டு. அதில் ஒரு கறிவேப்பிலை, ஒரு செம்பருத்தி. மாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் துளசியும் தக்காளியும். முதல் ஆண்டு எல்லாம் செழிப்பாக வரும். மூன்றாம் ஆண்டு மண் இறுகிவிடும். ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், கறிவேப்பிலை மஞ்சளாகும். உடனே உரக்கடைக்குப் போய் ஒரு கிலோ யூரியா வாங்கி வருகிறோம். அதே நாள் காலையில், அதே வீட்டிலிருந்து காய்கறித் தோலும், வாழைச் சருகும், வாசலில் கூட்டிய வேப்பிலையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டுக் குப்பை வண்டியில் ஏறியிருக்கும். வண்டி வராத நாளில் தெருமுனையில் எரியும்.

இதில் கணக்கு எங்கோ உதைக்கிறது அல்லவா? இந்தத் தவற்றைத் தன் வாழ்நாள் முழுவதும் சுட்டிக்காட்டிய ஒரு கிறிஸ்தவர், நமக்கு மிக அருகில், திருமங்கலத்தைத் தாண்டி இராசபாளையம் போகும் சாலையில் உள்ள டி. கல்லுப்பட்டியில் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். அவர்தான் ஜே. சி. குமரப்பா. காந்தியப் பொருளாதார அறிஞர் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அவர் தொழிலால் ஒரு கணக்காயர் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

1892 ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில், சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். தந்தை கொர்னேலியுஸ் பொதுப்பணித் துறை அலுவலர், தாய் எஸ்தர் இராஜநாயகம். பிள்ளைக்கு ஜோசப் செல்லத்துரை கொர்னேலியுஸ் என்று பெயர். குமரப்பா என்ற குடும்பப் பெயரைப் பின்னாளில்தான் எடுத்துக்கொண்டார். இலண்டனில் கணக்காயர் படிப்பை முடித்து, அங்கேயே வேலை பார்த்து, 1919-இல் நாடு திரும்பி பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தினார். கோட்டும் சூட்டும், நல்ல வருமானமும், மேல்நாட்டுப் பழக்கவழக்கங்களும் கொண்ட வாழ்க்கை. பிறகு அமெரிக்கா. சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மன் என்பவரிடம் பொது நிதி படித்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதை வரவு செலவுக் கணக்கை வைத்தே ஆராய்ந்தபோது, விடை அவரை உலுக்கியது. வரி என்ற பெயரில் எடுப்பது அதிகம், மக்களுக்குத் திரும்பிப் போவது மிகக் குறைவு என்று ஏடுகள் காட்டின.

அந்த ஆய்வுக் கட்டுரையோடு 1929 மே மாதம் சபர்மதிக்குப் போனார். ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில், முதியவர் ஒருவர் இராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி என்று தெரியாமல் சற்று நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாராம் குமரப்பா. யாரென்று புரிந்ததும், மடிப்புக் கலையாத பட்டுக் கால்சட்டையோடு அந்தச் சாணித் தரையிலேயே அமர்ந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் மண்ணோடு நேர்ந்த முதல் உறவு அதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

காந்தி அவரை உடனே குஜராத்தின் கேடா மாவட்டத்துக்கு அனுப்பினார். மாத்தர் தாலுகாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாகப் போய், குஜராத் வித்யாபீட மாணவர்களோடு குமரப்பா கணக்கெடுத்தார். உழவன் என்ன விதைக்கிறான், என்ன கடன் வாங்குகிறான், கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டறிந்தார். பம்பாயில் கம்பெனிகளின் ஏடுகளைப் புரட்டிய கண் முதன்முறையாக ஒரு வயலின் ஏட்டைப் புரட்டியது. அதன்பின் சிறைவாசம். 1930-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் வெஸ்ட்காட்டோடு, அரசின் வன்முறையைத் திருச்சபை கண்டிக்க வேண்டாமா என்று வெளிப்படையாக வாதிட்டார். அது தனிக்கட்டுரைக்கான செய்தி.

அவர் கணக்கில் எவ்வளவு கறார் என்பதற்கு ஒன்று மட்டும் சொல்லலாம். 1934-இல் பீகார் நிலநடுக்க நிவாரண நிதிக்கு அவர் பொறுப்பாளர். தொண்டர்களின் சாப்பாட்டுக்கு நாளுக்கு இவ்வளவு என்று வரையறுத்திருந்தார். காந்தியும் அவருடன் வந்தவர்களும் அங்கே வந்தபோது, அவர்களுடைய பழங்களுக்கும் பாலுக்கும் நிவாரண நிதியிலிருந்து காசு தர முடியாது என்று சொல்லிவிட்டார். மக்களுக்கென்று வந்த பணம் மக்களுக்கே போக வேண்டும், காந்தியாக இருந்தாலும்! இப்படிப்பட்டவர் மண்ணுக்குப் போக வேண்டியதை மட்டும் சும்மா விடுவாரா?

1934-ஆம் ஆண்டின் இறுதியில் அனைத்திந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் குமரப்பா அதை நடத்தினார். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, காகிதம் என்று பல தொழில்கள். தொழிலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பேச்சு மண்ணில் போய் முடிந்தது. எள்ளும் கடலையும் ஊரிலேயே செக்கில் ஆடினால் பிண்ணாக்கு ஊரில் தங்கும். மாடு தின்னும், மாட்டின் சாணம் வயலுக்குப் போகும். வித்தையே மூட்டை கட்டித் தொலைதூர ஆலைக்கு அனுப்பினால், அதோடு வயலின் சத்தும் இரயிலேறிப் போகிறது. கருப்பட்டி விஷயத்திலும் அவர் பார்வை இதுதான். பனை தரிசிலும் நிற்கும், தண்ணீர் கேட்காது. கரும்போ நல்ல நஞ்சையைப் பிடித்துக்கொள்ளும். சோறு விளைய வேண்டிய நிலத்தில் ஏன் சர்க்கரை விளைய வேண்டும் என்பது அவர் கேள்வி. நம் பக்கத்துப் பனைகள் எத்தனை செங்கல் சூளைக்குப் போயின என்பதை நினைத்தால் அந்தக் கேள்வி இன்றும் உறுத்துகிறது.

மனிதக் கழிவையும் மாட்டுச் சாணத்தையும் இலைதழைகளையும் குழியிலிட்டு எருவாக்குவது அந்தச் சங்கத்தின் கிராமத் துப்புரவுப் பணியில் ஒரு பகுதி. ஊர் சுத்தமாகும், வயல் வளமாகும். ஒரே செலவில் இரண்டு வரவு என்று கணக்காயர் மனம் மகிழ்ந்திருக்கும். இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞர் 1924 முதல் 1931 வரை பணியாற்றி, நம் உழவர்களின் பழைய வழக்கத்தைச் சீர்செய்து ஒரு மட்கு முறையை வகுத்திருந்தார். காய்ந்த செடிகொடிகள் ஓர் அடுக்கு, சாணம் ஓர் அடுக்கு, கொஞ்சம் மண்ணும் சாம்பலும். ஈரம் காயாமல் காத்து, இடையில் கிளறிவிட்டால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் கறுத்த, பொலபொலப்பான எரு கிடைக்கும். காந்தியும் தன் இதழில் இதைப் பரப்பினார்.

1942 போராட்டத்தை அடுத்து குமரப்பா ஜபல்பூர் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது, மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டும் 1945-இல் வெளிவந்தன, இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார். ஒரே சிறை அறையில், ஒரே கையால் எழுதப்பட்ட இவ்விரண்டையும் நாம் தனித்தனியாகப் படிக்கக் கூடாது. இயற்கையில் உள்ள வாழ்க்கை முறைகளை அவர் ஏணிப்படி போல அடுக்குகிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி கீழ்ப்படியில். மாந்தோப்பில் புகுந்து தின்றுவிட்டுப் போகும் குரங்கு அதற்கு மேல். தேன் எடுக்கும்போதே பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் தேனீ அடுத்த படியில். எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை உச்சியில். எடுப்பது மட்டுமா, எடுத்த இடத்துக்கு ஏதேனும் கொடுப்பதும் உண்டா என்பதுதான் அந்த ஏணியின் அளவுகோல்.

நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவற்றை நிரப்பி வைத்த தொட்டியோடு ஒப்பிட்டார்; எடுக்க எடுக்கக் குறையும். காடும் மழையும் பயிரும் ஓடும் ஆறு போன்றவை, முறையாகப் பயன்படுத்தினால் வற்றாதவை. மண் எந்தப் பக்கம்? நாம் நடத்துவதைப் பொறுத்தது. சருகும் சாணமும் திரும்ப வந்தால் அது ஆறு. வராவிட்டால் தொட்டி.

சுதந்திரத்துக்குப் பின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார், 1949-இல் அறிக்கையும் தந்தார். ஆனால் நாடு வேறு பாதையில் போயிற்று. 1951-இல் சிந்திரியில் பெரிய இரசாயன உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. குமரப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. இரசாயன உரத்தை அவர் மருந்துக்கு ஒப்பிட்டார். மருத்துவர் நாடி பார்க்காமல் மருந்துக்கடைக்காரரே மருந்து கொடுக்கலாமா? மண்ணைச் சோதித்து, தேவை என்று கண்டால் மட்டும் கொடுக்கலாம் என்றார். டிராக்டர் உழுதாலும் சாணம் போடாது என்று அவர் கேலி செய்ததாக இன்றும் இயற்கை உழவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவரை முழுக்கச் சரி என்று சொல்லிவிட நாம் தயங்குகிறோம். 1951-இல் 36 கோடிப் பேர். வங்கப் பஞ்சம் முடிந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. எருக்குழியை மட்டும் நம்பி 1960-களின் வறட்சியைக் கடந்திருக்க முடியுமா என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் உண்டு. பசித்தவர் முன் காத்திரு என்று சொல்வது எளிதல்ல. ஆனால் பசி தணிந்த பிறகும் நாம் மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கவில்லையே! மண்ணைச் சோதித்து உழவருக்கு மண்வள அட்டை தரும் திட்டம் 2015-இல்தான் நாடு முழுவதற்கும் வந்தது. குமரப்பா கேட்ட மருத்துவர் வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதே 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ், நம் பொதுவான இல்லமாகிய பூமியைப் பற்றிய தன் சுற்றுமடலில், இயற்கை எல்லாவற்றையும் மறுபடி பயன்படுத்திக்கொள்வதையும் நம் தொழில்கள் கழிவைக் குவிப்பதையும் ஒப்பிட்டுக் காட்டினார்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. இலை சீக்கிரம் பச்சையாகும், அதில் பொய் இல்லை. ஆனால் மண்ணைப் பஞ்சு போல வைத்திருப்பது மட்கு. மண்புழுவுக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கும் அதுதான் உணவு. அவை உண்டு, துளைத்து, கழித்த மண்ணில்தான் காற்றும் நீரும் இறங்கும். மட்கு தீர்ந்த மண் செங்கல்லாகும், அதற்கு யூரியாவில் மருந்து இல்லை. 2024 அக்டோபரில் பெய்த பெருமழையில் செல்லூர்த் தெருக்களுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. கண்மாயும் வாய்க்காலும் அதற்கு முக்கியக் காரணம் என்பது உண்மை. ஆனால் ஒரு சொட்டையும் குடிக்காத தரையும் அதில் பங்காளி. முன்பு கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டி கட்டி வயலுக்கு அடித்தார்கள். கண்மாயும் ஆழமாகும், வயலும் பிழைக்கும். கொழிஞ்சியும் சணப்பையும் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்கள். வாளிச் செடிக்கு இவ்வளவு வேண்டாம். அடியில் ஓட்டை போட்ட ஒரு பழைய மண்பானை போதும். ஈரக் கழிவு ஒரு கைப்பிடி, காய்ந்த சருகு இரண்டு கைப்பிடி, மேலே கொஞ்சம் பழைய மண். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று பொருள். செடியைச் சுற்றி வெறும் மண் தெரியாதபடி சருகை மூடாக்காகப் போட்டால் நம் மதுரை வெயிலுக்கு மண் வேகாது.

குமரப்பா 1950-களின் தொடக்கத்தில் வார்தாவுக்கு அருகே சேல்தோ கிராமத்தில் பண்ணை ஆசிரமம் என்ற பெயரில் உழவு முயற்சிகள் செய்தார். இரத்த அழுத்தம் அவரை விடவில்லை. உடல் தளர்ந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பி, டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிலில் தங்கினார். திருமணம் செய்யவில்லை, சொத்து சேர்க்கவில்லை. டெல்லியில் அவர் பேச்சைக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். சுற்றிலும் கரிசல் காடு. குடிலின் சுவரில் ஓர் ஏழை உழவரின் படம் மாட்டியிருந்தது. அது யார் என்று கேட்டவர்களுக்கு, தன் குருவான காந்தியின் குரு அவர் என்று விளக்குவாராம்.

சென்னையில் மருத்துவமனையில் 1960 ஜனவரி 30-ஆம் நாள் அவர் இறந்தார். காந்தி கொல்லப்பட்டு அன்றோடு சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள்.

நம் வீட்டு மண்பானை வைத்து இப்போது இரண்டரை மாதம் ஆகிறது. சென்ற சனிக்கிழமை கிளறிப் பார்த்தோம். வெங்காயத் தோலும் வேப்பிலையும் அடையாளம் தெரியாமல் கறுத்துப்போயிருந்தன. முட்டை ஓடு மட்டும் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது.