புதுவையை இழந்த தளபதி லாலி

புதுவை நகரில் லல்லி தொலாந்தால் என்ற பெயரில் ஒரு வீதி உண்டு. அவ்வழியே நடப்போரில் பலருக்கு அப்பெயருக்கு உரியவர் யார் என்பது தெரியாது. இந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கம் வீழ்ந்த நாளில் புதுவையின் படைத்தளபதியாக இருந்தவர் அவர். ஆங்கிலேயரிடம் நகரை இழந்தார். பின்னர் தம் சொந்த நாட்டாரிடம் தலையையும் இழந்தார். அவருடைய வாழ்க்கையில் திருச்சபையினராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஆகவே அதனைச் சுருக்கமாக இங்கே வரைகின்றோம்.

தோமாஸ் அர்த்தூர் லாலி 1702-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் ரோமான்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அயர்லாந்து நாட்டுக் கத்தோலிக்கர். நாடிழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின் பொருட்டுப் பிரான்சில் குடியேறிய போர்வீரர். மகனும் சிறு வயதிலேயே படையில் சேர்ந்தார். 1745-ல் பொந்தனுவாப் போரில் ஆங்கிலேயரை முறியடித்ததில் லாலிக்கும் அவருடைய ஐரிஷ் படைப்பிரிவுக்கும் பெரும் பங்கு உண்டு. மன்னர் பதினைந்தாம் லூயி போர்க்களத்திலேயே அவரை உயர்த்தினார். வீரத்தில் குறையில்லை, நேர்மையிலும் குறையில்லை. பொறுமையும் இன்சொல்லும் மட்டும் அவரிடம் இல்லை.

ஏழாண்டுப் போர் தொடங்கியதும், இந்தியாவிலிருந்து ஆங்கிலேயரை அகற்றும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1757 மே மாதம் புறப்பட்ட கப்பல்கள் புதுவையை அடைய ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. 1758 ஏப்ரல் 28-ம் நாள் கரையிறங்கியபோது அவருக்கு வயது 56. அதற்குள் வங்காளத்தில் சந்திரநாகூர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது.

இறங்கிய உடனே லாலி கடலூரின்மேல் பாய்ந்தார். ஜூன் 2-ம் நாள் புனித தாவீது கோட்டை வீழ்ந்தது. அக்கோட்டையை அவர் இடித்துத் தரைமட்டமாக்கினார். ஆயினும் அவ்வெற்றியிலேயே தோல்வியின் வித்தும் இருந்தது. வண்டிகளும் மாடுகளும் போதாமையால், புதுவை மக்களைச் சாதி வேறுபாடு பாராது பிடித்துச் சுமை சுமக்க வைத்தார். இந்நாட்டு வழக்கங்களை அறிந்த மூத்த அதிகாரிகளின் சொல்லை அவர் கேட்கவில்லை.

அடுத்துப் பணத்தேவை வந்தது. கும்பெனியின் கருவூலம் காலியாயிருந்தது. தஞ்சை மன்னர் பிரதாபசிங் முன்னர் எழுதிக் கொடுத்திருந்த 56 லட்ச ரூபாய்க் கடன் பத்திரத்தைக் காட்டித் தண்டல் செய்யப் படையோடு சென்றார். வழியில் கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடிக் குளங்களைத் தோண்டினார்கள். அங்கிருந்த அந்தணர் சிலரை ஒற்றர் என்று சொல்லிப் பீரங்கி வாயில் வைத்துக் கொன்றார்கள். பிறர் வழிபடும் இடத்தை இவ்வாறு நடத்தியதை எந்தப் போர் நியாயத்தாலும் மறைக்க முடியாது. தஞ்சையும் பணியவில்லை. வெடிமருந்து குறைந்தது, காரைக்காலை ஆங்கிலக் கப்பற்படை அச்சுறுத்துவதாகவும் செய்தி வந்தது. ஆகஸ்டு மாதம் பசியும் களைப்புமாகப் படை திரும்பியது.

1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். தக்காணத்தில் பிரெஞ்சு செல்வாக்கை நிலைநாட்டியிருந்த புஸ்ஸியை அங்கிருந்து அழைத்துக்கொண்டார். ஆனால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. புதுவை ஆளுநர் லெய்ரியோடும் ஆலோசனைச் சபையோடும் ஓயாத சண்டை. அவர்கள் கும்பெனிப் பணத்தைக் களவாடுகிறார்கள் என்று லாலி வெளிப்படையாகவே ஏசினார். அதில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் ஏச்சினால் ஒரு காசும் கிடைக்கவில்லை, பகைதான் வளர்ந்தது. இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்த முற்றுகை, 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் கலைந்தது. பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் தாஷே அந்த ஆண்டு செப்டம்பரில் வந்து, சிறிது பணமும் ஆட்களும் இறக்கிவிட்டுப் போனவர், பின் திரும்பவேயில்லை. கடல் கைவிட்டுப் போயிற்று. அக்டோபரில், சம்பளம் காணாத வீரர்களே கலகம் செய்தனர்.

1760 சனவரி 22-ம் நாள் வந்தவாசியில் அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதியிடம் லாலி தோற்றார். புஸ்ஸி சிறைப்பட்டார். ஆர்க்காடும் காரைக்காலும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ, இறுதியில் புதுவை தரையாலும் கடலாலும் சூழப்பட்டது. பஞ்சம் வந்தது. உணவை மிச்சம் பிடிக்க, நகரிலிருந்த தமிழ் மக்களை லாலி வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் அவர்களை அப்பால் விடவில்லை. திரும்பி வந்தவர்களைக் கோட்டையிலும் ஏற்கவில்லை. இரு படைகளுக்கும் நடுவே புல்லின் வேரைத் தின்று பல நாள் கிடந்த பின்னரே அவர்களுக்கு வழி கிடைத்தது. அரசர்கள் பெயர் எழுதப்படும் வரலாற்றில் இவர்கள் பெயர் எழுதப்படவில்லை. ஆயினும் நம் முன்னோர் இவர்கள்தாம்.

1761 புத்தாண்டு நாளில் பெரும்புயல் ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை அழித்தது. ஆனால் அந்த வாய்ப்பைப் பயன்படுத்த நகருக்குள் வலிமை எஞ்சியிருக்கவில்லை. சனவரி 16-ம் நாள் புதுவை சரணடைந்தது. புதுவையின் நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளை சில நாட்களுக்கு முன்புதான் கண்மூடியிருந்தார். லாலி நகரைவிட்டு வெளியேறிய அன்று பிரெஞ்சு அதிகாரிகளே கூடி நின்று அவரைத் தூற்றினர். அவர்களுடைய முறைகேடுகளைப் பற்றிய கணக்குகளை வைத்திருந்த துபுவா என்ற முதியவர் வாயிலருகே வாளுக்கு இரையானார். அவருடைய தாள்கள் மறைந்தன.

புனித தாவீது கோட்டைக்குப் பழி வாங்குவோர்போல் ஆங்கிலேயர் புதுவையை இடித்தனர். கோட்டை போயிற்று, மாளிகைகள் போயின, சேசு சபையாரின் பெரிய ஆலயமும் போயிற்று. சம்பா கோவில் என்று மக்கள் வழங்கும் இன்றைய ஜென்மராக்கினி மாதா ஆலயம் அதே இடத்தில் மீண்டும் எழுந்து 1791-ல் அபிஷேகம் பெற்றது. நகரம் 1763 உடன்படிக்கையின்படி 1765-ல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. பழைய வலிமை திரும்பவில்லை.

லாலி இலண்டனுக்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்டார். பாரிசில் தம்மைத் துரோகி என்று தூற்றுவதைக் கேள்வியுற்று, ஆங்கிலேயரிடம் வாக்குக் கொடுத்து விடுப்புப் பெற்று, வலியச் சென்று நீதி கேட்டார். கிடைத்தது பஸ்தீய் சிறை. இங்கே நாம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. புதுவைச் சேசு சபை அதிபராயிருந்த தந்தை லவோர் பிரான்சில் காலமானபின், அவர் விட்டுச்சென்ற தாள்களில் லாலிக்கு எதிரான குற்றச்சாட்டுகள் காணப்பட்டன. அவையே வழக்குக்கு அடிகோலின. சேசு சபையை 1762-ல் ஒடுக்கிய அதே பாரிசு நீதிமன்றம், ஒரு சேசு சபையாரின் எழுத்தைக் கையில் எடுத்து மற்றொரு கத்தோலிக்கரைக் குற்றவாளியாக்கியது. 1766 மே 9-ம் நாள், பேச முடியாதபடி வாய்க்கட்டுடன் கொண்டு செல்லப்பட்டு, 64-ம் வயதில் லாலி தலை வெட்டுண்டு மாண்டார்.

தந்தையின் பெயரில்லாமலே வளர்ந்த மகன் துரோபீமுக்கு அப்போது வயது 15. அவர் வளர்ந்து, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கினார். அவருக்குப் பெருந்துணையாக நின்றவர், திருச்சபையைக் கடுமையாகத் தாக்கி எழுதிய வோல்தேர். 1778-ல் மன்னரின் ஆலோசனைச் சபை அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்தது. வழக்கு வேறு நீதிமன்றங்களுக்குப் போயிற்று. அங்கே முழு விடுதலை கிடைக்கவில்லை. ஆயினும் அவரைத் துரோகி என்று இன்று எவரும் சொல்வதில்லை.

லாலி புனிதரல்லர். நம் மக்களுக்கு அவர் இழைத்த தீங்குகளை நாம் சொல்லியிருக்கின்றோம். ஆனால் செய்த குற்றத்துக்காக அவர் தண்டிக்கப்படவில்லை. செய்யாத துரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். கீழ்வேளூரைப் பற்றிப் பாரிசில் யாரும் கவலைப்படவில்லை. பலருடைய தோல்வியை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் வீடு திரும்பினார்கள். அதற்கு நம்மவர் எழுத்தும் உதவிற்று. அதைக் களைய நம்மைப் பகைத்தவர் எழுத்து உழைத்தது. நாவாலும் எழுத்தாலும் பிறரைத் தீர்ப்பிட விரையும் நம் அனைவருக்கும், முதலில் குருக்களாகிய எமக்கு, இது பாடமாகட்டும். லாலியின் ஆன்மாவுக்கும், கோட்டைக்கு வெளியே பசியால் வாடிய நம் முன்னோரின் ஆன்மாக்களுக்கும் இறைவன் இளைப்பாற்றி அருள்வாராக.