ஸ்பென்சர் பெர்சிவல்: போருக்குக் கடன் திரட்டிய ஈலிங் வாசி

மேற்கு லண்டனின் வெஸ்ட் ஈலிங் பகுதியில் வாழும் தமிழர்களுக்குப் பெர்சிவல் ஹவுஸ் என்ற பெயர் புதியதல்ல. கனக துர்க்கை அம்மன் ஆலயத்தை அண்டிய பகுதியிலிருந்து அக்ஸ்பிரிட்ஜ் வீதி வழியாகக் கிழக்கே சென்றால், ஈலிங் நகரசபைக்கென அமைக்கப்பட்ட அந்தக் கட்டடம் வரும். வீட்டு வசதி, உள்ளூராட்சி வரி என்று அங்கே படியேறியவர்கள் பலர். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர், படுகொலை செய்யப்பட்ட ஒரே பிரிட்டிஷ் பிரதமர் என்பதையோ, அரசாங்கக் கடன் பத்திரங்களின் வரலாற்றில் அவருக்கு உள்ள இடத்தையோ அறிந்தவர்கள் குறைவு.

1762ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் திகதி லண்டனில் பிறந்த ஸ்பென்சர் பெர்சிவல், எக்மொண்ட் பிரபுவின் இளைய புதல்வர்களில் ஒருவர். குடும்பச் சொத்து அவருக்குக் கிட்டவில்லை. கேம்பிரிட்ஜில் கற்று வழக்கறிஞரான அவர், 1796இல் நோர்த்தாம்ப்டன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். பின்னர் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாகவும் பணியாற்றினார்.

1807இல் அவர் நிதியமைச்சரானபோது, நெப்போலியனுக்கு எதிரான போர் பிரிட்டிஷ் கஜானாவை வறட்டிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டில், பெருகி வந்த தனது குடும்பத்துக்காக ஈலிங்கில் எல்ம் குரோவ் என்ற மாளிகையை 7,500 பவுண்களுக்கு அவர் வாங்கினார். அதற்கான பணத்தில் ஒரு பகுதி சகோதரரிடம் பெற்ற கடன். நாட்டுக்குக் கடன் திரட்டியவரின் வீடும் கடனில்தான் வந்தது.

1808இல் அவர் இரு முக்கிய நடவடிக்கைகளை எடுத்தார். முதலாவதாக, போர்க்காலத்தில் பெரும் இலாபம் ஈட்டிய இங்கிலாந்து வங்கியிடமிருந்து வட்டியில்லாமல் 30 லட்சம் பவுண் கடன் பெற்றார். அரசுக் கடனை நிர்வகிப்பதற்காக வங்கி அறவிட்ட கட்டணமும் குறைக்கப்பட்டது.

இரண்டாவது, மூன்று சதவீத வட்டி தரும் நிரந்தரக் கடன் பத்திரங்களை வைத்திருப்பவர்கள், அவற்றை ஆயுட்கால ஓய்வூதியமாக மாற்றிக்கொள்ளும் திட்டம். பத்திரதாரர் இறந்ததும் கடனும் தீர்ந்துவிடும் என்பதே இதன் கணக்கு. ஆனால் இதற்குப் பயன்பட்டது, நோர்த்தாம்ப்டன் தேவாலயப் பதிவேடுகளிலிருந்து தயாரிக்கப்பட்ட பழைய இறப்பு விகித அட்டவணை. மக்கள் அதில் கண்டதைவிட நீண்ட காலம் வாழ்ந்தார்கள். அரசு தொடர்ந்து நட்டப்பட்டது. ஜோன் ஃபின்லேசன் என்ற காப்புறுதிக் கணக்கியலாளர் இந்தப் பிழையை வெளிப்படுத்திய பின்னர், 1828இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. சந்தையை ஆராயாமல் பத்திரம் விற்பதன் விலை என்ன என்பதற்கு இது ஓர் ஆரம்பகாலப் பாடம்.

1809 ஒக்டோபரில் பெர்சிவல் பிரதமரானார். நிதியமைச்சை ஏற்கப் பலர் மறுத்ததால், அந்தப் பொறுப்பையும் அவரே வைத்துக்கொண்டார்.

அப்போது அரசு தனது கடனை நேரடியாக மக்களிடம் பெறவில்லை. பெரும் தரகர்கள் அதை மொத்தமாக ஏற்று, பின்னர் சந்தையில் விற்றார்கள். 1810ஆம் ஆண்டுக் கடனை ஏற்ற பிரான்சிஸ் பேரிங், ஆபிரகாம் கோல்ட்ஸ்மிட் ஆகியோரின் கைகளில் பத்திரங்களின் விலை சரிந்தது. செப்டம்பரில் பேரிங் காலமானார். அதே மாதத்தில் கோல்ட்ஸ்மிட் தற்கொலை செய்துகொண்டார். லண்டன் சந்தை அதிர்ந்தது.

அதே ஆண்டில்தான் பெர்சிவலின் மிகப் பெரிய பரீட்சையும் வந்தது. காகித நோட்டுகளுக்குத் தங்கம் தரும் கடமையிலிருந்து இங்கிலாந்து வங்கி 1797 முதல் விடுவிக்கப்பட்டிருந்தது. ஓர் அவுன்ஸ் தங்கத்தின் அதிகாரபூர்வ விலை 3 பவுண் 17 ஷில்லிங் பத்தரைப் பென்ஸ். சந்தையிலோ அது நான்கரைப் பவுண் அளவில் விற்றது. கடன் பத்திரச் சந்தையில் செல்வம் சேர்த்த டேவிட் ரிக்கார்டோ, வங்கி அளவுக்கு மீறி நோட்டு வெளியிடுவதே இதற்குக் காரணம் என்று வாதிட்டார். பிரான்சிஸ் ஹோர்னர் தலைமையிலான நாடாளுமன்றக் குழுவும் சாட்சியங்களை ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் தங்கம் தருவதை மீண்டும் தொடங்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

பெர்சிவல் இதை ஏற்கவில்லை. போரின் நடுவே இதைச் செய்வது எதிரியிடம் தோல்வியை ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்பது அவரது நிலைப்பாடு. 1811 மே மாதத்தில் ஹோர்னரின் தீர்மானங்கள் தோற்கடிக்கப்பட்டன. நோட்டுகளை அவற்றின் முகப்பெறுமதிக்குக் குறைவாக ஏற்பதும் அதே ஆண்டில் சட்டவிரோதமாக்கப்பட்டது.

பொருளியல் வாதத்தில் ரிக்கார்டோ தரப்பே வென்றது என்பதில் பிற்கால ஆய்வாளர்கள் பலருக்கு ஐயமில்லை. 1821இல் வங்கி மீண்டும் தங்கம் வழங்கத் தொடங்கியது. ஆனால் தங்கத்துக்குத் திரும்பியிருந்தால், ஸ்பெயினில் வெலிங்டனின் படைக்குப் பணம் அனுப்ப முடிந்திருக்குமா என்ற கேள்வி பெர்சிவலுக்குச் சாதகமானது.

அரசின் தேவைக்காக மத்திய வங்கி எவ்வளவு தூரம் வளையலாம் என்ற இந்த விவாதம் முடிந்துவிடவில்லை. திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கியே பெருமளவில் வாங்கிய இலங்கையில், 2022 செப்டம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தை எட்டியது. அந்த நெருக்கடிக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் அரசுக்கு இவ்வாறு நேரடியாக நிதியளிப்பதை 2023ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது.

போரின் முடிவைக் காணப் பெர்சிவல் உயிரோடு இருக்கவில்லை. 1812 மே 11ஆம் திகதி மாலை, நாடாளுமன்ற முன்மண்டபத்தில் ஜோன் பெலிங்கம் என்ற வணிகர் அவரைச் சுட்டுக் கொன்றார். ரஷ்யாவில் தான் சிறைவைக்கப்பட்டதற்கு அரசு நட்டஈடு தர மறுத்தது என்பது அவரது குறை. ஒரு வாரத்துக்குள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

கோடிக்கணக்கான பவுண்களைக் கடனாகத் திரட்டிய பிரதமரின் வங்கிக் கணக்கில் எஞ்சியிருந்தது 106 பவுண் சொச்சம் மட்டுமே. அவரது 12 பிள்ளைகளுக்காக 50,000 பவுண்களையும், மனைவி ஜேனுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண் ஓய்வூதியத்தையும் நாடாளுமன்றம் ஒதுக்கியது.

எல்ம் குரோவ் மாளிகை 1870 முதல் 1892 வரை, இந்தியாவில் பணியாற்றி மனநலம் குன்றியவர்களுக்கான அரச காப்பகமாக இயங்கியது. இன்று அது இல்லை. கடைசி மகள் பிரெடரிகா விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த சகல புனிதர்கள் தேவாலயம் அங்கே நிற்கிறது. பெர்சிவல் காலப் போர்க் கடன்களின் மிச்சத்தையும் உள்ளடக்கிய நிரந்தரப் பத்திரங்களை, பிரிட்டிஷ் அரசு 2015ஆம் ஆண்டில்தான் முற்றாகத் தீர்த்து முடித்தது.