சாணத்தை மக்கவைக்கும் 'இந்தூர் முறை': யார் இந்த ஆல்பர்ட் ஹோவர்ட்?

பெங்களூரு - ஓசூர் சாலையில் இருக்கும் சந்தாபுராவைச் சுற்றி, அடுக்குமாடிகள் போக மிச்சமுள்ள மானாவாரி நிலங்களில் ராகி விளைகிறது. அதற்குத் தொழுவுரம் போடுவது பழைய வழக்கம். சாணத்தை அப்படியே வயலில் கொட்டினால் போதாதா, ஏன் மக்க வைக்கணும்? இதற்கு முறையான விடை தந்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட்.

கோதுமையில் தொடக்கம்

1873-ல் இங்கிலாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹோவர்ட், 1905-ல் பிகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். மனைவி கேப்ரியலும் தாவர விஞ்ஞானி. இருவரும் உருவாக்கிய பூசா கோதுமை ரகங்கள் பேர் வாங்கின.

ஆனால் நல்ல விதை இருந்தும் மண்ணில் சத்து இல்லையென்றால் பயனில்லை என்பது அவருக்குப் புரிந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவர், உள்ளூர் விவசாயிகளிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். அன்று சாணத்தில் கணிசமான பங்கு வறட்டியாகி அடுப்புக்குப் போனது. வெயிலிலும் மழையிலும் கிடந்த மிச்சம் தழைச்சத்தை இழந்தது.

இந்தூர் முறை என்பது என்ன?

1924 முதல் இந்தூர் ஆய்வு நிலையத்தில், யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து இதற்கு வழி கண்டார். செடிக்கழிவு, சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, தண்ணீர் தெளித்து, அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். சுமார் 3 மாதத்தில் உரம் தயார்.

குவியல் நன்றாகச் சூடேறுவதால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் செத்துப்போகும். இன்னொரு லாபமும் உண்டு. மக்காத வைக்கோல் கலந்த சாணத்தை நேரடியாகப் போட்டால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்கான தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மக்கிய உரத்தில் அந்தப் போட்டி குறைவு.

கேப்ரியல் 1930-ல் இறந்தார். மறு ஆண்டு, வாட் உடன் எழுதிய நூலை வெளியிட்ட ஹோவர்ட், இந்தியாவை விட்டுக் கிளம்பினார். 1934-ல் 'சர்' பட்டம் கிடைத்தது. ரசாயன உரத்தை அவர் கடுமையாக எதிர்த்ததை விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. இருந்தாலும் 1940-ல் வந்த அவரது நூல் இயற்கை விவசாய இயக்கத்துக்கு அடித்தளமானது. 1947-ல் காலமானார்.

பெங்களூரு தந்த மாற்று

இந்தூர் முறையில் ஒரு சிக்கல்: புரட்ட ஆள் வேணும். இதற்கு மாற்றாக 1939-ல் பெங்களூருவில் விஞ்ஞானி ஆச்சார்யா உருவாக்கியதுதான் 'பெங்களூரு முறை'. குழியில் அடுக்கி, மேலே மண் பூசி மூடிவிட்டால் புரட்ட வேண்டியதில்லை. ஆனால் மக்க 6 முதல் 8 மாதம் ஆகும்.

ஆள் இருந்தால் 3 மாதம், இல்லையென்றால் பொறுமை. எந்த வழியானாலும், ராகி விதைப்புக்கு முன்பே கணக்குப் போட்டு குழியை நிரப்பினால்தான் உரம் நேரத்துக்குக் கிடைக்கும்.