ஏற்றிவிட ஒரு கை



முத்துக்குளித்துறை மக்களாகிய நமக்குக் குதிரை புதிதல்ல. பாண்டியர் காலத்தில் நம் காயல் துறையில் குதிரைகள் கப்பல்களில் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். 1530களில் நம் முன்னோர்கள் போர்த்துக்கீசியரின் உதவியை நாட வழிகாட்டிய ஜான் த குரூஸ் ஒரு குதிரை வணிகரே. அன்று குதிரை என்றால் செல்வம், போர். அதே குதிரை நடக்க இயலாதவர்களுக்கு மருந்தாகவும் அமைந்தது. அதற்குப் பெரிதும் காரணமானவர் டென்மார்க் நாட்டின் லிஸ் ஹார்டெல்.

1921ஆம் ஆண்டு பிறந்த இவர், இளமையிலேயே குதிரையேற்றத்தில் சிறந்து விளங்கினார். 1944ஆம் ஆண்டு, 23 வயதில், இரண்டாவது குழந்தையைக் கருவில் சுமந்திருந்தபோது இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. தாயின் கைகால்களோ செயலிழந்தன. ஊன்றுகோலோடு நடந்தாலே பெரிது என்றார்கள் மருத்துவர்கள். கைகளை உயர்த்துவது, தவழ்வது எனக் குழந்தையைப்போல் மீண்டும் தொடங்கினார். முழங்காலுக்குக் கீழே மட்டும் இயக்கம் திரும்பவேயில்லை.

ஆயினும், பிறர் தூக்கி அமர்த்த, குதிரைமேல் மீண்டும் ஏறினார். காலால் கட்டளையிட முடியாததால் முதுகாலும் உடல் எடையாலும் தன் குதிரை ஜூபிலியை வழிநடத்தினார். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையைச் சீராக நடத்திக்காட்டும் போட்டியில் பெண்கள் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டனர். ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார் லிஸ். பரிசு மேடையில் ஏற அவருக்குக் கைகொடுத்தவர், தங்கம் வென்ற சுவீடன் வீரர் ஹென்றி செயிண்ட் சிர். 1956இல் ஸ்டாக்ஹோமிலும் அவருக்கு வெள்ளியே கிடைத்தது.

அவரைக் கண்டு, ஐரோப்பாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றப் பயிற்சி பரவியது. குதிரை நடக்கும்போது அமர்ந்திருப்பவரின் இடுப்பு, மனிதர் நடக்கும்போது அசைவதுபோலவே அசைகிறது. குதிரையின் உடற்சூடு இறுகிய தசைகளைத் தளர்த்துகிறது. நடந்தறியாத குழந்தையின் உடலும் நடையைப் பழகுகிறது. 1996 முதல் பாராலிம்பிக்கிலும் குதிரையேற்றம் இடம்பெற்றுள்ளது. லிஸ் 2009இல் காலமானார்.

இவர் வாழ்வில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லிஸ் தாமாகக் குதிரையில் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. ஏற்றிவிட்டவர்கள் அவருக்காகப் போட்டியிடவும் இல்லை. ஏற்றிவிட்டு விலகி நின்றார்கள். பதக்கத்தை அவரே வென்றார்.

இந்தியாவில் 2011க்குப் பின் இயற்கை வகை இளம்பிள்ளை வாதக் கிருமி எவரையும் தாக்கியதாகப் பதிவு இல்லை. ஆனால் அதற்குமுன் தாக்கப்பட்டவர்கள் நம் பங்குகளில் வாழ்கிறார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் அவர்களுக்குச் சேலையும் அரிசியும் தருகிறோம். வாசலருகே அமர்ந்திருப்பவரிடம் நற்கருணையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கடமை முடிந்ததென்று பங்குப் பணியாளர்களாகிய நாமும் திரும்பிவிடுகிறோம். வாசகம் வாசிக்க, பாடற்குழுவில் பாட, பங்குப் பேரவையில் பேச அவருக்கு விருப்பமா என்று கேட்டிருக்கிறோமா? பீடத்தின் படிகளுக்கருகே ஒரு சாய்தளம் அமைத்திருக்கிறோமா?

இரக்கப்பட்டுக் கொடுப்பது எளிது. ஏற்றிவிட்டு, இடம் கொடுத்து, விலகி நிற்பதே கடினம். அதற்கு இன்றே முயல்வோம்.