ஈசிங் என்னும் ஆசிரியர்

ஒருவரின் பெயர் உலகெங்கும் வழங்க, அவரது வாழ்க்கை மட்டும் அறியப்படாதிருப்பதுண்டு. மிகச் சிறந்த தெரிவைத் தேடும் கடினமான கணக்குகளுக்கென்றே இன்று அமைக்கப்படும் சில்லுகளை ஈசிங் பொறிகள் என்பர். அப்பெயருக்குரிய ஏர்ன்ஸ்ட் ஈசிங்கை மாணவர்க்கு அறிமுகஞ் செய்தல் என் கடனெனக் கருதுகிறேன்.

1900ஆம் ஆண்டு ஜேர்மனியின் கொலோன் நகரிற் பிறந்த ஈசிங், ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் லென்ஸ் என்பாரிடம் பயின்று 1924இல் ஆய்வேட்டை முடித்தார். மேலோ கீழோ மட்டும் நோக்கவல்ல நுண்காந்தங்களை வரிசையாக நிறுத்தினால், அயலவற்றின் தூண்டுதலால் அவை யாவும் ஒருமுகப்படுமா என்பதே அவர் ஆராய்ந்த வினா. தனிப்பூச்சியத்துக்கு மேற்பட்ட எந்த வெப்பநிலையிலும் ஒருமுகப்படா என்று நிறுவினார்; அது சரியே. முப்பரிமாணப் பொருளுக்கும் அதுவே பொருந்துமென அவர் முடிவுசெய்ததோ பிழை. காந்தங்களை ஒரு தளத்திற் பரப்பினாலே தாழ்ந்த வெப்பநிலையில் ஒருமுகப்படும் என றுடோல்ஃப் பையர்ள்ஸ் 1936இற் காட்டினார்.

அதற்குள் ஈசிங் பள்ளி ஆசிரியராகிவிட்டார். யூதராகையால் 1933இற் பதவியிழந்து, பொற்ஸ்டாமுக்கு அண்மையிலுள்ள கபுத் கிராமத்தில் யூதச் சிறார்க்குக் கற்பித்தார். 1938 நவம்பரில் அப்பள்ளி சூறையாடப்பட்டது. மறுவருடம் லக்சம்பேர்க்குக்குத் தப்பிச் சென்று, ஆடு மேய்த்தும் இருப்புப்பாதையில் வேலை செய்தும் காலங் கழித்தார். 1947இல் அமெரிக்கா சென்று, 1948 முதல் 1976 வரை பிராட்லி பல்கலைக்கழகத்திற் பௌதிகவியல் போதித்தார். தம் பழைய ஆய்வு புகழ்பெற்றதை அங்கேதான் அறிந்தார். 1998இல் மறைந்தார்.

காந்தங்களுட் சில ஒத்திருக்கவும் சில முரணவும் விழையுமாயின், அனைத்தையும் நிறைவு செய்தல் இயலாது. குறை மிகச் சிறிதாகும் அமைப்பைத் தேடவேண்டும். 20 காந்தங்களுக்கே 10 இலட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகள் உண்டு. பாதைத் தெரிவு, வேலைப் பங்கீடு முதலியவற்றையும் இவ்வுருவில் எழுதலாம் என்பதனாலேயே கனடாவின் டி-வேவ், ஜப்பானின் ஹிட்டாச்சி முதலிய நிறுவனங்கள் இதற்கெனச் சில்லுகளை ஆக்கின.

சில்லு விரைவாக விடை தந்துவிட்டதென்று மகிழ்தல் போதாது. அதே கணக்கைச் சாதாரணக் கணினிக்குங் கொடுத்து, மிகச் சிறந்த விடையை எது எத்தனை தடவை, எவ்வளவு நேரத்தில் எட்டிற்றென ஒப்பிடவேண்டும். கணக்குப் பெருகப் பெருக நேரம் எவ்வாறு வளர்கின்றது என்பதே உரைகல். 503 அலகுகளைக் கொண்ட டி-வேவ் சில்லை இவ்வாறு சோதித்து 2014இல் வெளியான ஆய்வில், அது கூடிய வேகமுடையது என்பதற்குச் சான்று கிட்டவில்லை.

சிறியதிற் கண்டதைப் பெரியதற்கு அப்படியே ஏற்றலாகாது. ஈசிங்கின் ஆய்வேடு தன் பிழையாற் கற்பித்ததும், அவர் பெயர் தாங்கிய சில்லுகளைச் சோதிப்போர் மறவாதிருக்க வேண்டியதும் அதுவே.