கதவைத் திறந்த பெயர்

பனி விழும் நாடுகளில் மக்கள் காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு காட்டுப் பாதைகளில் சறுக்கிச் செல்வார்கள். பழகாதவருக்கு ஒரு பாதை. பழகியவருக்கு வேறு பாதை. எது எளிது, எது கடினம் என்று வழியில் அடையாளம் இருக்கும்.

ஜவ்வாது மலைச் சீமையில் பனிச்சறுக்கு இல்லை. ஆனால் காட்டு வழியில் புதியவருக்கு வழி சொல்லும் வழக்கம் அங்கே மிகப் பழையது. அந்த வழியின் முடிவில் ஒரு மன்னன் இருந்தான். அவன் பெயர் நன்னன்!

யார் அவன்?

ஏறக்குறைய 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சங்க காலத்தில் வாழ்ந்த சிற்றரசன் அவன். தந்தையின் பெயரும் நன்னன். ஆகவே 'நன்னன் சேய் நன்னன்' என்று அழைக்கப்பட்டான். பல்குன்றக் கோட்டம் அவன் நாடு. சேயாற்றங்கரையில் உள்ள செங்கண்மா அவன் தலைநகர். அதுவே இன்றைய செங்கம்.

அவனுடைய மலை நவிரமலை. கலசப்பாக்கம் வட்டத்தில் உள்ள பர்வதமலைதான் அது என்பார்கள்.

நன்னனைத் தேடிக் கூத்தர்கள் வந்தார்கள். ஏழைகள்; பெண்களையும் கூட்டிக்கொண்டு, இசைக் கருவிகளைச் சுமந்து காட்டைக் கடக்க வேண்டும். அவர்களுக்கு வழி சொல்வதுபோல் பெருங்கௌசிகனார் என்ற புலவர் 583 அடிகளில் ஒரு நூல் பாடினார். அதுவே 'மலைபடுகடாம்'.

காட்டு வழி

இரவில் நடக்கக் கூடாது. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும். விடிந்த பிறகே புறப்பட வேண்டும்.

கற்குழிகளில் பாம்பு கிடக்கும். பார்த்து நடக்க வேண்டும்.

யானையை விரட்டக் காவலர்கள் கவண் கல் எறிவார்கள்; மரத்தின் மறைவில் போக வேண்டும்.

பாசி படிந்த இடம் வழுக்கும். மூங்கிலையும் நாணலையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வழி பிரியும் இடத்தில், பின்னால் வருபவர்களுக்காகப் புல்லை முடிந்து அடையாளம் வைக்க வேண்டும்.

வழி தவறிவிட்டால்? அலைந்து திரியாமல் பாறையில் அமர்ந்து கருவிகளை இசைக்க வேண்டும். ஓசை கேட்டுக் கானவர்கள் ஓடி வருவார்கள். பழம் கொடுத்து, முன்னால் நடந்து வழி காட்டுவார்கள்.

மலையூரில் நன்னனின் கூத்தர் என்று சொன்னால் போதும். சொந்த வீடுபோல் உள்ளே நுழையலாம். வயிறாரச் சோறு கிடைக்கும். அவன் பெயரே கதவைத் திறந்தது!

நன்னனின் சபையும் அப்படித்தான். திறமை குறைந்தவர் பேசத் தடுமாறினால் அங்கே யாரும் நகைக்க மாட்டார்கள். எடுத்துச் சொல்லி, விளக்கி, அவரையும் நடத்திச் செல்வார்கள். வந்தவர்க்குப் பொன்னும் அணியும் தேரும் யானையும் கொடுத்து அனுப்பினான் நன்னன்.

இன்னொரு நன்னன்

அதே பெயரில் கொண்கான நாட்டிலும் ஒரு மன்னன் இருந்தான். ஆற்று நீரில் மிதந்து வந்த அவனுடைய மாங்காயை ஒரு பெண் எடுத்துத் தின்றுவிட்டாள். அதற்கு ஈடாக 81 யானைகளும், அவள் எடைக்குப் பொற்பாவையும் தர உறவினர் முன்வந்தார்கள். அவன் கேட்கவில்லை. அவளைக் கொன்றான்!

பழி அவனோடு போகவில்லை. பிற்காலத்தில் அவன் குலத்தில் வந்த ஒருவனைத் தழுவிக்கொள்ள ஒரு புலவர் மறுத்துவிட்டார்.

பெயர் ஒன்றே. ஒருவன் பெயர் கதவைத் திறந்தது. மற்றவன் பெயர் கதவை மூடியது.

ஓலையில் இருந்த அந்த நூலை 1889-ல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டோடு அச்சிட்டார். செங்கத்து நன்னனின் புகழ் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

இன்றும் பர்வதமலைக்குத் தென்மாதிமங்கலம் வழியாகவும் கடலாடி வழியாகவும் பக்தர்கள் ஏறுகிறார்கள். முன்னால் போகிறவர் நின்று, பின்னால் தள்ளாடி வருகிறவருக்குக் கை கொடுக்கிறார். அன்று முடிந்து வைத்த புல்லின் பொருளும் அதுதானே!